மூன்று வேலிச் செடி

ராஜாக்களின் அரண்மனைக்குக்கூட ஒரு கோட்டைச் சுவர்தான். எங்கள் ரோட்ரிக்ஸ் தீவிலோ, இடுப்பு உயரச் செடி ஒன்றுக்கு மூன்று வேலி. காட்டில் அதன் இனத்தில் மிஞ்சியது அது மட்டுமே. அதைக் காக்க ஒரு கமிட்டி உண்டு. அதன் செயலாளர் அடியேன் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ரம் குடித்த மறுநாள் தலை பிளந்தால், இந்தச் செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று தீவே நம்புகிறது. 'மூடநம்பிக்கை' என்று கமிட்டி கண்டனத் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் நிறைவேறியதும் செடியின் ஆரோக்கியத்துக்காகக் கோப்பை உயர்த்தினோம். ரம்மும் ஆக்டோபஸ் கறியும் இல்லாத கூட்டத்தை எங்கள் ஊரில் கூட்டம் என்றே சொல்வதில்லை.

விந்தை என்னவென்றால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுநாள் செடியில் இலை குறைந்திருந்தது.

"ஆடுதான்," என்றார் தலைவர் காயத்தான் பெரின். செடி நிற்கும் மேட்டில் ஆடு மேய்க்கும் இவெலீஸை விசாரணைக்குக் கூப்பிட்டோம்.

"என் ஆடு பூட்டைத் திறந்து தின்னுட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போகுதா தலைவரே?"

"பழகின ஆடு எதையும் செய்யும்மா."

"அதுவும் நீங்க கூட்டம் போட்ட மறுநாளாப் பாத்து?"

"அதைத்தான் சொல்றேன். திட்டம் போட்டு வருது."

இரண்டாவது வேலி எழுந்தது, பிறகு மூன்றாவது. சாவிகள் கமிட்டியாரிடம் மட்டும். மேய்ச்சல் மேடு முழுவதும் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' ஆனதால், இவெலீஸ் அழுதுகொண்டே ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். கடைசி ஆட்டைக் கமிட்டியே பெருந்தன்மையோடு வாங்கி, அடுத்த கூட்டத்துக்குக் குழம்பு வைத்தது. மறுநாளும் இலை குறைந்தது.

"செத்தும் வருது பாருங்க," என்றார் தலைவர்.

அப்புறம் புயல் அடித்தது. நாங்கள் கூட்டம் போடும் மண்டபத்தின் கூரை பறந்தது, கப்பல் வராமல் ரம்மும் தீர்ந்தது. மாதக்கணக்கில் கமிட்டி கூடவில்லை. செடி தளதளவென்று தழைத்து மொட்டும் விட்டது. கிளை வெட்டி நட்டு வளர்க்க, தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து ஒரு நிபுணர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. ஒரு கிளை வேர் பிடித்தாலும் இனம் பிழைத்துவிடுமாம். கமிட்டியின் அயராத உழைப்பே காரணம் என்று அறிக்கை எழுதினேன். அவர் வருவதற்கு முதல் நாள் வெற்றி விழா வைத்தோம். நல்லவேளை, கப்பலும் வந்திருந்தது.

காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு 'ஆய்வு'க்குப் போனேன். மூன்று வேலிக்கும் உள்ளே கமிட்டி முழுவதும் ஏற்கெனவே ஆய்வில் இருந்தது. நானும் கலந்துகொண்டேன்.

இவெலீஸ் வழிகாட்ட, நிபுணர் அம்மா மேடேறி வந்தார். வேலிகள் கம்பீரமாக நின்றன. நடுவில் ஒரு மொட்டைக் குச்சி.

"யார் இப்படிப் பண்ணது?" என்று கேட்டார் அவர்.

"ஆடுங்கதான் மேடம்," என்றாள் இவெலீஸ். "இன்னும் உள்ளதான் நிக்குதுங்க, எண்ணிக்குங்க."

கமிட்டியில் ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. கொதிக்கவைக்கப் பொறுமையில்லாமல், எல்லோரும் இலையைப் பச்சையாகவே மென்றுகொண்டிருந்தோம்.