ஓகே வந்தால்தான் அச்சுக்குப் போகும்

இந்தத் தீவில் நிம்மதியாகத் தூங்குகிற அத்தனை பேருக்கும் சேர்த்துக் கவலைப்பட ஒரே ஓர் ஆளை நியமித்திருந்தார்கள் என்றால், அது எங்கள் கேள்விக்குறி அண்ணன்தான். சம்பளம் மட்டும் மெய்ப்பு பார்ப்பதற்கு வாங்கினார்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் பதிப்பகம். கீழே மல்லிகை வாசம், மேலே உலகத்துப் பிரச்சினை. உலகமயமாதல், வளர்ச்சி, பாலினம், முதுமை என்று பேராசிரியர்கள் எழுதி அனுப்புவதையெல்லாம் புத்தகமாக்குவோம். பக்கங்களை வடிவமைப்பது நான். அச்சுக்கு முன் வரிவரியாகப் படிப்பது அண்ணன். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார். எழுதியவரிடமிருந்து ‘ஓகே’ என்று பதில் வரும்வரை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. இது எல்லாப் பதிப்பகத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற இடங்களில் மெய்ப்பு பார்ப்பவர்கள் புத்தகத்தைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணனுக்கோ எந்தப் புத்தகம் மேசைக்கு வருகிறதோ அந்தப் பிரச்சினை தொற்றிக்கொள்ளும்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றிய புத்தகம் வந்த மாதம், காகிதம் விற்க வந்த இளைஞரை உட்காரவைத்து, பின்னால் போய் அவர் காலரைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

“தம்பி, இந்தச் சட்டைய தைச்ச பொண்ணுக்கு பாத்ரூம் போகவாச்சும் நேரம் குடுத்திருப்பாங்களா?”

“அங்கிள், நான் ஆஃபர்ல வாங்குனேன் லா,” என்ற அந்தப் பிள்ளை அடுத்த முறை வாசலில் நின்றே மாதிரித் தாள்களை நீட்டியது.

வீட்டு வேலையும் பெண்களும் என்று ஒரு தடித்த புத்தகம் வந்தது. ஒரு வாரம் கழித்து புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

“மல்லிகா, அந்த புக்கு எப்பம்மா பிரிண்டுக்குப் போகும்? சீக்கிரம் அனுப்பிவிடேன். ரசம் வெக்கிறேன்னு என் சட்டிய எல்லாம் கருக்கிட்டாரு. அது கூட பரவால்ல. நான் தாளிக்கிறப்ப பக்கத்துல வந்து நின்னு, ‘நீ சந்தோஷமா இருக்கியா?’ன்னு கேக்குறாரு. கடுகு வெடிக்கிற நேரத்துல கேக்குற கேள்வியா இது?”

நல்லவேளையாக, புத்தகம் அச்சுக்குப் போனதும் அண்ணனுக்குக் குணமாகிவிடும். அடுத்தது வரும்வரை மனிதர் வெள்ளரிக்காய் மாதிரி குளுகுளுவென்று இருப்பார். அதனால் அடுத்து என்ன புத்தகம் என்று முதலாளியம்மா சொல்லும்போதெல்லாம் நாங்கள் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்போம்.

பிறகு, தனியாக வாழ்கிறவர்களைப் பற்றிய புத்தகம் வந்தது. அண்ணன் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி என் மேசைக்கு வந்தார்.

“மல்லிகா, ஆறாவது அத்தியாயம் படிச்சியா?”

“லேஅவுட் போடுறவ எதுக்குண்ணே படிக்கணும்? படம் நேரா நிக்குதான்னு பாத்தா போதாதா?”

அவர் சிரிக்கவில்லை. “கல்யாணம் பண்ணிக்காம அப்பா அம்மாவப் பாத்துக்குறாங்க. அப்புறம் அவங்களும் போயிடுறாங்க. கதவுக்குப் பின்னால என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியறதில்ல. உன்னப் பத்தித்தான்மா எழுதிருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. அம்மா போனபின் மார்சிலிங் வீட்டில் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையிலிருந்து போனில் ஓரக்கேள்வி வர ஆரம்பித்தது. ‘கேள்வி: கேஸ் அடைச்சாச்சா?’ ‘கேள்வி: நேத்து இருமினியே, போயிடுச்சா?’ ஓகே என்று எழுத்தில் பதில் போட வேண்டும். ஒருநாள் சோம்பலில் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். ‘விரலைக் காட்டுனா அச்சுக்குப் போகாது’ என்று பதில் வந்தது. புத்தகம் அச்சாகிக் கடைக்கும் போய்விட்டது. இந்த முறை அண்ணனுக்குக் குணமாகவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன், கேட்க ஆளில்லை. வெளியே சாப்பாட்டு மேசையில் போன் டிங் என்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி டிங். பிறகு விடாமல் அடித்தது, அதன்பின் அடங்கிவிட்டது. அந்த அமைதியில்தான் எனக்குப் பயம் வந்தது. கடவுளே, இந்த மனுஷன் இன்றைக்கென்று பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாதே என்று ஈரத் தரையில் கிடந்தபடி வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் கம்பிக்கதவு அதிர்ந்தது.

“மல்லிகா! ஓகேவாம்மா?”

“ஓகே இல்லண்ணே!”

“அப்பாடா!” என்று அண்ணன் அலறியது பத்து மாடிக்கும் கேட்டிருக்கும். “பதில் வந்துடுச்சு! பதில் வந்துடுச்சு!” என்று அழுதுகொண்டே, கதவை உடைக்க வந்திருந்த தீயணைப்பு வீரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அண்ணிதான் பிரித்துவிட்டிருக்கிறார்.

இப்போது அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். மகளின் பிரசவத்துக்காக அண்ணி பெர்த் நகரத்துக்குப் போயிருக்கிறார். அண்ணன் மட்டும் தனியாக இருக்கிறார். இன்று காலை அவரிடமிருந்து கேள்வி வரவில்லை. நானே அனுப்பினேன்: ‘கேள்வி: பசியாறியாச்சா?’ பதில் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. இடுப்பு வலியை மறந்து, மாற்றிப் போட்ட செருப்போடு மார்சிலிங் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

நடைமேடையில் ஏறும்போது பதில் வந்தது. ‘ஓகே. தூங்கிட்டேன்மா.’

அண்ணன் தூங்கியிருக்கிறார்! திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம்தான். ரயில் வந்தது, ஏறிவிட்டேன். எழுத்தில் வந்த ஓகே எனக்குப் போதவில்லை.