சித்தப்பாவுக்கு முழு மதிப்பெண்

சாவி பாதி ஒடிந்து பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு இரும்பு பீரோவை வெறித்துப் பார்த்தாள் சிறையின் மனநல ஆலோசகர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

பதினோரு மணிக்கு விடுதலைக் குழு கூடுகிறது. சித்தப்பாவின் கோப்பு பீரோவுக்குள். அதில் அவள் மதிப்பெண் போட்டுக் கொடுத்தால்தான் அவர் பெயரையே எடுப்பார்கள்.

சித்தப்பா எதிரே பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அதிகாரி முதல் கைதி வரை எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். ஏதோ வீடு புகுந்த திருட்டு வழக்கு. விவரத்தை அவள் படிக்கவில்லை. படித்தால் ஆளைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம் என்பது அவள் கொள்கை.

கை திருடுவதற்கு முன்னால் மனசு ஒரு சாக்குச் சொல்லும், அந்தச் சாக்கைப் பிடித்துவிட்டால் போதும் என்பதுதான் கைதிகளுக்கு அவள் நடத்தும் பாடம். ஒருநாள் முறைத்த முகம் ஒன்றின் படத்தைக் காட்டினாள். "நம்மளத்தான் மொறைக்கிறான், நாலு சாத்தணும்" என்றது வகுப்பு. சித்தப்பா மட்டும், "பாவம், கண்ணாடிய வீட்ல மறந்துட்டு வந்திருக்கார்போல" என்றார். அவள் பிரமித்துப் போனாள்.

இப்போது கத்தரிக்கோல் நுனியை விட்டுப் பூட்டை நோண்டினாள். நுனியும் உள்ளே போய்ச் சேர்ந்தது.

"நீங்க கொஞ்சம் திறந்து பாருங்களேன், சித்தப்பா."

"நான் பூட்டைத் தொடவே மாட்டேன் மேடம்."

"சின்ன விஷயம்தானே?"

மனசு சொல்லும் சாக்குகளை வரிசையாக அவள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அவர் காட்டினார். "முதல் சாக்கு மேடம்."

"இதுல யாருக்கும் நஷ்டம் இல்லையே!"

"ரெண்டாவது."

"அவசரத்துக்கு எல்லாரும் பண்றதுதான்."

"அது நாலாவது. மூணாவதை விட்டுட்டீங்க."

"இந்த மட்டமான பூட்டை வாங்கினவங்களைச் சொல்லணும்!"

"இதோ வந்துடுச்சு. பழிய அடுத்தவங்க தலையில போடறது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் விடுதலையே அந்த பீரோவுக்குள் கிடக்கிறது, மனுஷர் ஒரு விரலை அசைக்கவில்லை. மனித மனம் இவ்வளவு தூரம் திரும்புமா!

"உங்களுக்காகத்தான் சொல்றேன், சித்தப்பா."

"எனக்காக நீங்க சங்கடப்படக் கூடாது. இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேன்." அவர் பார்வை பீரோக் கதவின் ஓரம் போய் நின்றது. "கீல்ல ரெண்டு திருகாணி லூசாத்தான் இருக்கு. ஆனா வேணாம் மேடம். விட்டுடுங்க."

"ஏன் வேணாம்? என் பீரோ, நான் கழட்டறேன்!"

சித்தப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரும்பு ஸ்கேல் வளைந்தது. நகம் பெயர்ந்தது. கடைசித் திருகாணி கழன்றதும் கதவு மேஜைமேல் சாய்ந்து, தண்ணீர் ஜாடியையும் கூட்டிக்கொண்டு தடாலென்று தரையில் விழுந்தது. சத்தம் கேட்டுக் காவலர் ஓடிவந்தார். அவளோ நனையாமல் தப்பிய கோப்பில் நூற்றுக்கு நூறு போட்டு, 'என் பணிக்காலத்தில் நான் கண்ட அதிசயம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். காவலர் கோப்பை எடுத்துக்கொண்டு சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு ஓடினார்.

அரை மணி நேரத்தில் காவலர் மட்டும் திரும்பி வந்தார்.

"விடுதலை பண்ணிட்டாங்க மேடம். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு தலைவரே எழுந்து கை குடுத்தார்." தரையில் கிடந்த கதவை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். "இது யார் வேலை?"

"நான்தான். ஆனா சித்தப்பா கடைசிவரைக்கும் ஒரு விரல் வெக்கல, தெரியுமா? அவ்வளவு பெரிய திருடர், பூட்டைத் தொடவே மாட்டேன்னுட்டார்!"

காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவர் எந்தப் பூட்டைத் தொட்டிருக்கார் மேடம்? அவர் திருடின ஏழு வீட்டையும் வீட்டுக்காரங்கதான் உடைச்சுக் குடுத்தாங்க."