எட்டு ஸ்பீக்கர் ஆர்லன்

அறுபது மைல் வேகத்தைத் தாண்டினால் பாட்டு காதில் விழவில்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் ஆர்லன் ட்வெட்டுக்கு இருந்த ஒரே கவலை இதுதான்.

ஏன் விழவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போன வருஷம்தான் தன் பெரிய பைக்கில் இருந்த சாதுவான புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று தெருவுக்குக் கேட்கிற குழாயாகப் பார்த்து மாட்டியிருந்தான். இப்போது அந்தச் சத்தத்தை அமுக்க இன்னொரு சத்தம் வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயது. பயிர்க் காப்பீட்டு ஏஜெண்ட். வாரத்தில் ஐந்து நாள் இஸ்திரி போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்டை ஓடு போட்ட தோல் ஜாக்கெட்.

அவன் ஊரான எல்க் ஃபோர்டில் மே முதல் ஞாயிறன்று பாதிரியார் பைக்குகளுக்கு ஆசீர்வாதம் செய்வார். அறுபது பைக்குகள் மெயின் ஸ்ட்ரீட் வழியாகச் சர்ச்சுக்கு ஊர்வலம் போகும். சிவப்புக் கொடி கட்டி முன்னால் போகிறவன்தான் ஊர் பைக் கிளப்புக்கு அந்த வருஷத்துக் கேப்டன். அவன் வண்டியில் ஓடுகிற பாட்டு கடைசி வண்டி வரை கேட்க வேண்டும் என்பது வழக்கம்.

ஆறு வருஷமாகப் பல் டாக்டர் ரோலண்ட்தான் கேப்டன். போன ஆகஸ்டில் அவர் ஒரு பாவம் செய்துவிட்டார். தெற்கு டகோட்டாவில் ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவுக்கு எழுநூற்றைம்பது மைல் ஓட்டிப் போகாமல், முதுகுவலி என்று பைக்கை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனார். போனதோடு விடாமல் உண்மையையும் சொல்லித் தொலைத்தார். அந்தக் கிளப்பில் ஒருத்தன் மூன்று கல்யாணம் பண்ணியவன், இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போய் வந்தவன். அவர்களையெல்லாம் மன்னித்தார்கள். ட்ரெய்லரை மட்டும் மன்னிக்கவில்லை.

"நான் ஓட்டிக்கிட்டேதான் போனேன். மழையில" என்றான் ஆர்லன். கண்ணாடி முழுக்கப் பூச்சி ஒட்டிய பைக்கின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினான். கொடி அவன் கைக்கு வந்தது.

கொடி வந்தால் போதுமா? ரோலண்ட் வண்டியில் நாலு ஸ்பீக்கர். ஆர்லனுக்கு எட்டு வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பைக்குக்குப் பாட்டுப் பெட்டி பொருத்தும் டுவேனிடம் போனான். டுவேன் எதற்கும் முடியாது என்று சொல்லாதவன். அவன் தொழில் அதில்தான் ஓடுகிறது. கருவிகளோடு ஆர்லன் வீட்டு கராஜுக்கே வந்து வேலையைத் தொடங்கினான்.

"முன்னால நாலு வெச்சாச்சு. மிச்ச நாலை ரெண்டு பக்கப் பெட்டி மூடியிலயும் வெச்சுடலாம்" என்றான் டுவேன்.

"மழைக்கோட்டு, சாப்பாடெல்லாம் எங்க வைக்கிறது?"

"பாட்டு வேணுமா, சாண்ட்விச் வேணுமா?"

ஆர்லன் பாட்டு என்றான். எட்டு ஸ்பீக்கருக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர் போதவில்லை. பெரியது வந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்தார்கள். இருபது நிமிஷத்தில் பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்தது.

"அதுக்குக் காத்து வேணும். வெளியிலதான் வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே டுவேன் பின் சீட்டைத் தட்டினான். "இந்த இடம் சும்மாதானே இருக்கு?"

அந்த இடம் சும்மா இல்லை. பதினெட்டு வருஷமாக அதில் மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். ஆர்லனின் மனைவி. காபி கொடுக்க கராஜுக்கு வந்தவள், கழற்றிய சீட் தரையில் கிடப்பதைப் பார்த்தாள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

எட்டு ஸ்பீக்கரும் அலறிக்கொண்டிருந்தன. ஆர்லன் காதில் கையைக் குவித்து, "என்னது?" என்றான்.

"நான் எங்க உக்கார்றதுன்னு கேட்டேன்!"

"நல்லா கேக்குதுல்ல?" என்று அவன் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். டுவேன் ஸ்க்ரூட்ரைவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

மறுநாள் காலை பேட்டரி செத்துக் கிடந்தது. பாட்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரியை வலது பெட்டியில் இறக்கினார்கள். அதில் ஒரு சௌகரியம் என்றான் டுவேன்: சாவியை எடுத்து வண்டியை அணைத்தாலும் பாட்டு நிற்காது. ஆர்லன் பூரித்துப் போனான். புது வயர்களுக்கு இடம் விடுவதற்காக ஹேண்டில்பாரில் இருந்த பட்டன்களை எடுத்துவிட்டார்கள். சத்தத்தை ஒரேயடியாக உச்சத்தில் வைத்துப் பூட்டினார்கள். பாட்டு இருக்கிற போனை இடது பெட்டிக்குள் வைத்து, மூடி அதிராமல் இருக்க ஆறு ஸ்க்ரூ போட்டு இறுக்கினார்கள்.

"நடுவுல யாராவது போன் பண்ணா?" என்றான் ஆர்லன். "பாட்டு நின்னு மணி அடிக்குமே. நான் எதை அமுக்குறது?"

"தானாவே எடுத்துக்குற மாதிரி வெச்சுடுறேன். ரெண்டு வார்த்த பேசிட்டு அவங்களே வெச்சுடுவாங்க."

இந்தத் தடவையும் மார்லிஸ் காபியோடு நின்றிருந்தாள்.

"நான் கூப்பிட்டாக்கூட எடுத்துக்குமா?" என்றாள்.

"யார் கூப்பிட்டாலும் எடுத்துக்கும். ஊருக்கே கேக்கும்!" என்றான் ஆர்லன் பெருமையோடு. "ஞாயித்துக்கிழம நீ கார்ல வந்துடு, என்ன?"

"பாக்கலாம்" என்றாள் அவள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. மெயின் ஸ்ட்ரீட்டின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. முன்னால் கொடியோடு ஆர்லன். பக்கத்தில் பழைய கேப்டன் என்ற மரியாதைக்கு ரோலண்ட். பின்னால் இரண்டிரண்டாக மற்ற வண்டிகள். எட்டு ஸ்பீக்கரில் கிடார் அதிர்ந்ததில் மருந்துக்கடைக் கண்ணாடி நடுங்கியது. ஆர்லன் தாடையைத் தூக்கிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாலு நிமிஷம்தான்.

தபால் ஆபீஸைத் தாண்டியதும் பாட்டு நின்றது. இரண்டு தடவை பீப் அடித்தது.

"...இல்ல டோரீன், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றது மார்லிஸின் குரல், தெரு முழுக்க.

டோரீன் மார்லிஸின் தங்கை. ஆர்லனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஏப்ரன் பையில் கிடந்த போன் எதிலோ அழுந்தித் தானாக அவனைக் கூப்பிட்டிருக்கிறது. அக்காவும் தங்கையும் சமையலறையில் வம்பளந்துகொண்டிருக்கிறார்கள். மாவு பிசையும் சத்தம்கூடக் கேட்டது. டோரீன் சொன்ன பதில்தான் கேட்கவில்லை; அடுப்புப் பக்கம் நின்றிருப்பாள்.

"மார்லிஸ்!" என்று கத்தினான். "போனை வை!"

"பதினெட்டு வருஷம் அவன் முதுகையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப அந்தப் பெட்டி பாக்கட்டும்."

மடக்கு நாற்காலிகளில் சிரிப்பு கிளம்பியது. ஆர்லன் பட்டனைத் தேடினான். பட்டன் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. இடது பெட்டியை ஓங்கி உதைத்தான். ஆறு ஸ்க்ரூவும் டுவேன் சொன்னபடியே அசையாமல் நின்றன.

"ஸ்டர்ஜிஸா? அவன் எங்கடி ஓட்டினான்! ட்ரக்குல ஏசியப் போட்டுக்கிட்டு, பைக்கை ட்ரெய்லர்ல கட்டி இழுத்துக்கிட்டுதானே போனோம்."

ரோலண்ட் மெல்லத் திரும்பி ஆர்லனைப் பார்த்தார்.

ஆர்லன் வேறு வழி தெரியாமல் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். அதுவரை அந்தக் குழாய்ச் சத்தமாவது கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. அதுவும் நின்றதும் மார்லிஸின் குரல் வானொலிச் செய்தி போலத் துல்லியமாக வந்தது.

"ஊருக்கு இருபது மைல் முன்னால இறக்கினோம். கண்ணாடியில பூச்சி இல்லாம போட்டோ எடுத்தா யாரு நம்புவா? ட்ரக் மூஞ்சியில ஒட்டியிருந்த பூச்சிய ஒவ்வொண்ணா நான்தான் சுரண்டி எடுத்தேன். முட்ட வெள்ளைக்கருவால ஒட்டினதும் நான்தான்."

பின்னால் ஐம்பத்தெட்டு பைக்குகள் சடசடவென்று பிரேக் அடித்து நின்றன. ஹாரன் அலறியது.

"ஆர்லன்! எத்தன முட்ட ஆச்சு?" என்று யாரோ கத்தினார்கள்.

"என்ன கேப்டன், மழையில கரையலயா?" என்றார் ரோலண்ட்.

அவன் திரும்ப வண்டியைக் கிளப்பினான். அவசரத்தில் இரண்டு தடவை நின்று போனது. சர்ச் போய்ச் சேரும்வரை மார்லிஸ் பேசினாள். "நான் எங்க உக்கார்றதுன்னு ரெண்டு தடவ கேட்டேன், டோரீன். சண்ட போடக்கூட கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு இடத்தில்தான் ஆர்லனுக்கு அவமானத்தைத் தவிர வேறு ஏதோவும் வலித்தது. ஆனால் அதை யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

சர்ச் வாசலில் பாதிரியார் தீர்த்தக் கிண்ணத்தோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "சரி, அடுப்ப பாக்கணும்" என்று சொல்லி மார்லிஸ் முடித்தாள். கிடார் மறுபடி அலறியது. ரோலண்ட் வண்டியை விட்டு இறங்கி வந்து, சிவப்புக் கொடியின் முடிச்சை நிதானமாக அவிழ்த்து, தன் பைக்கில் கட்டிக்கொண்டார். ட்ரெய்லரில் போனவர்தான். ஆனால் பூச்சி ஒட்டாதவர்.

ஆர்லனுக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பாய ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தபோது, சர்ச் மைதானத்து ஓரத்தில், ஆப்பிள் பை பலகாரம் விற்கும் மேஜைக்குப் பின்னால் டோரீன் நின்றிருந்தாள். எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தாள் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. நேராகப் போய் மேஜையைத் தட்டினான்.

"திருப்தியா உனக்கு? அக்காவும் தங்கச்சியும் என் வீட்டு அடுப்படியிலேயே நின்னுக்கிட்டு என் மானத்த வாங்கிட்டீங்களே! நீ வாயக் கிளறினதாலதானே அவ அவ்வளவும் கொட்டினா?"

டோரீன் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நானா? காலைல ஆறு மணியிலேருந்து நான் இங்கதானே ஆப்பிள் பை வித்துக்கிட்டு இருக்கேன். மார்லிஸோட நான் பேசியே நாலு நாளாச்சு."