எழுபத்தெட்டு சதவீதம்

என் அறையை மீட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். ஒரு புத்தக அலமாரி, ஒரு சாய்வு நாற்காலி, கதவுக்குத் தாழ்ப்பாள். மழை பிடித்துக்கொண்டதும் என் மனைவி அறையின் குறுக்கே துணி உலர்த்தக் கொடி கட்டிவிட்டாள். படிக்க உட்கார்ந்தால் போர்வை நுனி கழுத்தில் சொட்டும்.

பேசி அவளை நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஆபீஸில் நான் ரெக்கார்டு பிரிவு. எதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் யாரும் அசைக்க முடியாது. ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன்.

"என்னங்க, கடிகாரமா? அம்பத்தி நாலு மணின்னு காட்டுதே!"

"காத்துல இருக்கிற ஈரத்தைக் காட்டுதும்மா. அறுபதைத் தாண்டினா புஸ்தகமெல்லாம் பூசணம் பிடிச்சிடும்."

"தாண்டினா என்ன பண்றது?"

அதற்காகத்தானே காத்திருந்தேன்? நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'அறுபதைத் தாண்டினால் துணியும் புத்தகமும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.' இருவரும் கையெழுத்திட்டோம். ஒரு வாரம் அளப்பதாக ஒப்பந்தம்.

முதல் நாள் ஐம்பத்து நான்கு. இரண்டாம் நாள் ஐம்பத்தைந்து. கொடி நிறையத் துணி தொங்குகிறது, இந்தக் கருவிக்குக் கொஞ்சமாவது விசுவாசம் வேண்டாமா? மூன்றாம் நாள் சமையலறை ஸ்பாஞ்சை நனைத்துக் கருவிக்குப் பின்னால் சொருகினேன். எழுபத்தெட்டு!

"அடேயப்பா!" என்று கையெழுத்துப் போட்டாள். அடுத்த நாலு நாளும் மறுபேச்சில்லாமல் போட்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

ஏழாம் நாள் மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் நோட்டை விரித்தேன்.

"பாத்தியா? ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. உன் கையெழுத்துதான்!"

"ஆமாங்க. அதான் மத்தியானமே புஸ்தகத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அலமாரியில் கருவி மட்டும்தான் மிச்சம். இரண்டாவது கொடியும் கட்டியாகிவிட்டது.

"என் நாற்காலி எங்கே?" என்று கத்தினேன்.

"ஹால்ல. எழுபத்தெட்டுல உக்காந்தா உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வரும்போது கருவிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பாஞ்சை எடுத்துட்டு வாங்க. அஞ்சு நாளா அது இல்லாமதான் பாத்திரம் தேய்க்கிறேன்."