நூற்றறுபது யார் வயர்

அச்சுவேலி,
14.03.1974

அன்புள்ள தம்பி செல்வத்துரைக்கு,

ஆண்டவர் என்னை இன்னும் கூப்பிடவில்லை. முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. நீயும் றோஸும் கொழும்பில் நலமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

என் வெங்காயம் சாகிறது. நட்டு முப்பது நாளில் தாள் மஞ்சளாகிவிட்டது. எனக்குப் பங்குள்ள கிணற்றில் புது மோட்டர் பூட்டி ஆறு நாளாகியும் அது உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லை. காரணம், வயரிங் வேலை செய்யும் லியோன். வீட்டிலிருந்து கிணற்றுக்கு நேரே இழுத்தால் நாற்பது யார் நீளந்தான். ஆனால் இடையில் தம்பிஐயா மச்சானின் காணி. எல்லை வழக்கில் என்னிடம் தோற்று, பதினொரு வருடமாக என்னோடு கதைக்காத மனிதர். அவரிடம் போய் அனுமதி கேட்டு நிற்பேனா? ஒழுங்கைப் பாதையால் சுற்றி இழு என்றேன், நூற்றறுபது யார் ஆயிற்று. அதற்காவது தடித்த வயர் போட்டானா? நான் சொன்ன தடிப்பில் பாதியைக் கொண்டுவந்துவிட்டு, குழாய் வாயை விரலால் நெரித்தால் தண்ணீர் சீறுகிறதாம், அதுபோல ஒல்லி வயரில் கரண்ட் விரைவாக ஓடுமாம். கொன்வென்ற் பள்ளியில் மதர் படிப்பித்ததை அவனுக்கு ஒப்புவித்தேன்: நீளம் நாலு மடங்கானால் கரண்டுக்குத் தடையும் நாலு மடங்கு, விட்டம் பாதியானால் அதற்கு மேலும் நாலு மடங்கு, ஆகப் பதினாறு. பாதிக்கு இரண்டு மடங்குதானே என்று வாதாடுகிறான் அந்த மேதை. மண்ணில் வட்டம் கீறிப் பரப்பைக் காட்டினேன். தலையைச் சொறிந்துவிட்டு, "அது சரி அம்மா, தம்பிஐயாவிட்டை ஒருக்காக் கேட்டா உந்த முதல் நாலு மடங்கு இல்லாமப் போகுமெல்லே" என்கிறான். கணக்குத் தெரியாதவனுக்கு என் குடும்ப விஷயம் எதற்கு?

ஆகவே நான் முதலில் சொன்னதைப்போல இரு மடங்கு விட்டமுள்ள வயர் நூற்றறுபது யார் வாங்கி உடனே ரயிலில் அனுப்பு. நீளத்தைத் தடிப்பால் வெல்வேன். எவரிடமும் வாய் திறக்கமாட்டேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக, விசேஷமாக முட்டாள்களிடமிருந்து.

உன் அக்கா,
தேவகுமாரி எட்வேர்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போக, வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. லியோன் அதே ஒல்லி வயரை நாற்பது யாராக நாலாய் வெட்டி, நாலையும் பக்கம் பக்கமாக ஒன்றாய்ச் சேர்த்து, தம்பிஐயாவின் காணிக்கு மேலால் நேரே இழுத்திருக்கிறான். தடை பதினாறில் ஒன்று. கணக்கில் பிழை காண முடியவில்லை. "அம்மா கீறின வட்டந்தான்" என்றான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தம்பிஐயா. என் முகத்தைப் பாராமல், "வெங்காயத்தோடை எனக்கு வழக்கில்லை, மச்சாள்" என்றார்.

வயர் வேண்டாம். மச்சானுக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கி அனுப்பு. உன் பெயரில்.