வந்தது நாற்பது, அடக்கம் நாற்பத்தெட்டு

"யாருக்கு சார் குளுக்கோஸ் ஏறுது?"

மோல்டிங் செக்ஷன் செல்வராஜ் வரவேற்பறைக் கதவைத் திறந்துகொண்டு பதறிப்போய்க் கேட்டான். காலை ஷிப்ட் கம்பெனி பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது.

அவன் பதறியதில் தப்பில்லை. மறைமலைநகரில் வண்டிகளுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்து தரும் அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில், 'பாதுகாப்பு உறுதிமொழி' பலகையின் ஆணியில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய ட்யூப் ஒரு நீல பக்கெட்டுக்குள் போயிற்று. பக்கெட்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார் தரம் பார்க்கும் க்யூ.சி. இன்ஸ்பெக்டர் ஞானதாஸ்.

"யாருக்கும் இல்லப்பா. இறாலுக்கு."

செல்வராஜ் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். மிளகாய்வற்றல் நிறத்தில், விரல் நகம் அளவுக்கு இருபது இறால்கள்.

"இத்த வெச்சி ஒரு வாய் தொக்கு கூட வராதே சார்?"

"தொக்குக்கு இல்லய்யா, அழகுக்கு. நன்னீர் இறாலு. தொட்டித் தண்ணிய சொட்டு சொட்டா வுட்டுப் பழக்கணும். நீ போய் வேலயப் பாரு."

செல்வராஜ் போய் வேலையைப் பார்த்தான். முதல் வேலையாக, இன்ஸ்பெக்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று செக்ஷன் முழுக்கச் சொல்லி முடித்தான்.

இந்த வம்பு ஞானதாஸ் தேடிப் போனதல்ல, டிபன் பாக்ஸ் வழியாக வந்தது. வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து முக்கியமான வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்க்க வருகிறார். அவருக்கு இந்தச் சிவப்பு இறால் என்றால் உயிராம், வீட்டில் தொட்டி தொட்டியாக வளர்க்கிறாராம். இதைக் கேள்விப்பட்ட மேனேஜர் ராமானுஜம் வரவேற்பறையில் ஒரு புதுக் கண்ணாடித் தொட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஆனால் அவர் திருவிடந்தைக் கோயில் கைங்கர்யக் குடும்பம். முட்டை போட்ட கேக் இருக்கும் மேஜைக்கே தள்ளி உட்காருகிறவர். இறாலை யாரிடம் ஒப்படைப்பது என்று கேண்டீனைச் சுற்றிப் பார்த்தவரின் கண், ஞானதாஸின் டிபன் பாக்ஸில் இருந்த இறால் தொக்கில் போய் நின்றது.

"ஞானதாஸ், நீங்க இதுல பழகினவர். உங்க பொறுப்பு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணுகூடச் சாகப்படாது."

'சாப்பிடத்தான் சார் தெரியும்' என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயையும் திறந்தார். அதற்குள் ராமானுஜம், "விசிட் நல்லபடியா முடியட்டும். க்யூ.சி. இன்சார்ஜ் போஸ்ட் காலியாத்தான் இருக்கு" என்றார்.

திறந்த வாய் அப்படியே, "பண்ணிடலாம் சார்" என்றது.

பதினொரு வருஷமாக ஞானதாஸ் இன்ஸ்பெக்டர். இன்சார்ஜ் ஆனால் தனி அறை, தலைக்கு மேல் ஃபேன், கதவில் பெயர்ப்பலகை. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு புஷ் வெளியே போகாது. அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் ஏற்கெனவே அந்த மாதிரி அறைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஞானதாஸ் ஒரு முடிவு கட்டினால் அவரே நினைத்தாலும் அவிழ்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ரயிலேறி, சென்னை கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் தர்மராஜிடம் போனார்.

"தொட்டி புச்சா சார்? ஒரு மாசமாச்சும் தண்ணி ஓடியிருக்கணும். இல்லாங்காட்டி குடுக்க மாட்டேன். பாவம், வாயில்லாத ஜீவன்" என்றான் தர்மராஜ்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றியது முந்தின நாள் சாயங்காலம்.

"ஒன்றரை மாசமா ஓடுதுப்பா" என்றார் ஞானதாஸ், சட்டைப் பையில் வேதாகமத்தை வைத்துக்கொண்டே.

சொட்டு விடும் வித்தையைத் தர்மராஜ்தான் சொல்லிக்கொடுத்தான். ட்யூபைக் கொடுத்தது மனைவி ரெபேக்காள். செங்கல்பட்டில் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். தேதி முடிந்து ஒதுக்கி வைத்ததில் ஒன்றை எடுத்து நீட்டியபடி, "எனுக்கு டைபாய்டு வந்தப்போ ஒரு நாளாச்சும் இப்டி பக்கத்துல குந்திகினு சொட்டு எண்ணியிருப்பீங்களா?" என்றாள். ஞானதாஸ் அந்தக் கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் சொட்டு விட்டு, இருபதையும் பதமாகத் தொட்டியில் இறக்கினார். இறங்கிய இருபதும் பாசிக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் புகுந்து மறைந்தன. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"புது இடம். கூச்சமா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமே? ரப்பரில் முடி அளவு வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும் க்யூ.சி. விளக்கைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேல் பொருத்தி, விடிய விடிய எரியவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், தொட்டித் தரையில் ஆறு பிணம்.

சிவப்பெல்லாம் போய், வெளுத்துக் கண்ணாடித்தாளாகக் கிடந்தன. மீசை இருந்தது, கால் இருந்தது, அசைவு மட்டும் இல்லை. பதினொரு வருஷம் எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தே பழகிய மனுஷர், இந்த ஆறையும் நேராகப் பார்க்க மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையால் அள்ளினார்.

குப்பைக்கூடையில் போட முடியாது. ஆபீஸ் கூடையில் இறால் கிடந்தது தெரிந்தால் ராமானுஜம் கட்டடத்தையே கழுவிவிடுவார். ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து ஆறையும் அதில் வைத்து, கொல்லைப்புறம் சைக்கிள் ஷெட்டை ஒட்டியிருந்த புங்கமரத்தடிக்குப் போனார். குழி தோண்டினார். மண்ணைத் தள்ளும் நேரத்தில் மனசு உறுத்தியது. ஒன்றரை மாசம் என்று பொய் சொல்லி வாங்கிவந்து கொன்றது யார்? கண்ணை மூடி, தலை குனிந்து ஒரு சின்ன ஜெபம் செய்தார். இத்தனை காலமும் இறாலை முன்னால் வைத்துக்கொண்டு அவர் செய்தது சாப்பாட்டு ஜெபம் மட்டும்தான்.

கண்ணைத் திறந்தால் எதிரில் சின்னப்பொண்ணு. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே உப்பங்கழியோரம் பிறந்து, மறைமலைநகரில் வாழ்க்கைப்பட்டு, கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவள். துடைப்பத்தைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பணிவாக நின்றிருந்தாள்.

"யாராண்டயும் சொல்லாத" என்றார் ஞானதாஸ்.

"ஐயோ, சொல்லுவனா சார்?"

தண்ணீர்தான் சரியில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினார். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, கேண்டீனில் அதிகாரிகள் குடிக்கும் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றினார்.

புதன்கிழமை காலை பதினொரு பிணம்.

ஆறும் பதினொன்றும் பதினேழு. மிச்சம் மூன்று. அந்த மூன்றும் எங்கே என்று பாசியை விலக்கிப் பார்த்தார், கல்லைப் புரட்டிப் பார்த்தார். கை உள்ளே போகப் போக, இருந்ததும் இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டது. இரண்டாவது அடக்கம் முடிந்து திரும்பினால் சின்னப்பொண்ணு.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"அப்பறம் கேளும்மா. தலைக்கு மேல வேல கீது."

அரை நாள் லீவு போட்டுக் கொளத்தூருக்கு ஓடினார். தர்மராஜ் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்: "இன்னா சார், நல்லா கீதா நம்ம புள்ளைங்க?"

செத்துவிட்டன என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் ஒன்றரை மாசக் கதை வெளியே வரும். இன்னொரு இருபது கொடுக்கவும் மாட்டான்.

"சூப்பரா கீதுப்பா. பாத்த மேனேஜரு இன்னும் இருபது கேக்கறாரு" என்றார் ஞானதாஸ்.

மறுபடி பாட்டில், மறுபடி ட்யூப், மறுபடி முழங்கால். இறக்கிய இருபதும் போன வழியிலேயே போய் மறைந்தன. வெளிச்சம் போதவில்லையோ என்று இரண்டாவது க்யூ.சி. விளக்கையும் கொண்டுவந்து மாட்டினார்.

வியாழக்கிழமை பதினேழு பிணம். மீதித் தண்ணீரையும் மாற்றினார். புங்கமரத்தடியில் முதல் இரண்டு குழிகளின் மேல் யாரோ குழிக்கொரு சாமந்திப்பூ வைத்திருந்தார்கள். சின்னப்பொண்ணுவின் கொண்டையில் அதே சாமந்தி இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், நான் இன்னா கேக்கறேன்னா…"

"ஒண்ணும் கேக்காதம்மா. என்னால பேச முடியல."

வெள்ளிக்கிழமை காலை பதினான்கு.

நான்காவது தீப்பெட்டியை மூடும்போதுதான் க்யூ.சி. மூளை விழித்துக்கொண்டது. ஆறு, பதினொன்று, பதினேழு, பதினான்கு. நாற்பத்தெட்டு. ஆனால் வாங்கிவந்தது நாற்பது. வந்ததைவிடக் கழித்தது எப்படி அதிகமாகும்? பதினொரு வருஷத்தில் ஒரு புஷ்கூட அவர் கணக்குத் தப்பியதில்லை. தர்மராஜ் கொசுறு போட்டிருப்பான், பிள்ளைகள் என்று சொல்கிறவன்தானே, என்று சமாதானம் செய்துகொண்டார். எது எப்படியோ, ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஜெபத்தை முடித்துவிட்டு நேராக ராமானுஜத்தின் அறைக்குப் போனார். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு விருந்தாளி.

"சார், இறால் எல்லாம் செத்துப்போச்சு."

ராமானுஜம் எழுந்து நின்றுவிட்டார். தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நான்கு நாளாக வரவேற்பறையைக் கடந்து போனவர் அவர். "எத்தனை?"

"மொத்தமும். எனக்கு இறாலப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். திங்கத்தான் தெரியும். தெரியும்னு தலையாட்டினது என் தப்பு. இன்சார்ஜ் போஸ்ட் எனக்கு வேணாம்." சொல்லி முடித்ததும், நான்கு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கூடவே தனி அறையும் ஃபேனும் பெயர்ப்பலகையும் இறங்கிப் போயின. அவருக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வாசலில் கார் வந்து நின்றது.

இருவரும் வரவேற்பறைக்கு ஓடினார்கள். ஜெனரேட்டரைப் போடச் சொல்லி ஆள் போயிருந்தது. அரை இருட்டில், ஜப்பான்காரர் நேராகத் தொட்டிக்கு முன்னால் போய்க் குந்தி, மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஞானதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜப்பான்காரர் என்னவோ சத்தமாகச் சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்த மேக்னா என்ற பெண் சிரித்தாள்.

"முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணிட்டாராம். இன்னும் இருக்குங்கறார். புதுத் தொட்டியில இவ்வளவு செழிப்பா அவர் பார்த்ததே இல்லையாம். யார் பார்த்துக்கறாங்கன்னு கேக்கறார்."

ஞானதாஸ் கண்ணைத் திறந்தார். அனலாய் எரிந்துகொண்டிருந்த இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. பாசி முழுக்க, கல் முழுக்க, செக்கச்செவேலென்று இறால்கள். திங்கட்கிழமை பார்த்ததைவிட ஒரு சுற்றுப் பருத்து, நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"என்னய்யா, செத்துப்போச்சுன்னேளே?" என்று ராமானுஜம் காதோரமாகக் கேட்டார்.

"செத்துதான் சார் போச்சு" என்றார் ஞானதாஸ். "நானே என் கையால அடக்கம் பண்ணேன்."

ராமானுஜம் தொட்டியைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து உயிருள்ள இறாலை நேருக்கு நேர் பார்க்காத அந்தக் கண்கள் விரிந்தன. இரண்டு கையும் தானாகக் குவிந்தன. "பெருமாளே!" என்றார்.

"ஸ்தோத்திரம்" என்றார் ஞானதாஸ்.

ஜப்பான்காரர் எழுந்து வந்து ஞானதாஸின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். அவர் மேலே போனதும் ராமானுஜம் படியில் நின்று திரும்பினார். "திங்கட்கிழமை இன்சார்ஜ் ஆர்டர் ரெடியா இருக்கும். உம்மைப் போய் இத்தனை நாள் இன்ஸ்பெக்டரா வெச்சிண்டிருந்தேனே, அபசாரம்!"

ஞானதாஸ் நிற்கவில்லை. பின்வாசல் வழியாகப் புங்கமரத்தடிக்கு ஓடினார். நான்கு குழிகளும் காலியாக இருக்க வேண்டும். அந்த அற்புதத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முழங்காலிட்டு, கையாலேயே மண்ணைப் பறித்து, முதல் தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார்.

ஆறும் அப்படியே கிடந்தன.

இரண்டாவதைத் திறந்தார். பதினொன்றும் இருந்தன. மற்ற இரண்டிலும் அப்படித்தான். உள்ளே நாற்பது உயிரோடு மேய்கிறது, இங்கே நாற்பத்தெட்டும் பெட்டியில் கிடக்கிறது. ஞானதாஸ் முதல் தடவையாக ஒன்றை விரலால் எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் நான்காவது சாமந்தியோடு சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாலு நாளா கேக்கணும்னு கீறேன், கோச்சிக்காதீங்க சார். எங்கூரு கழியில இறாலு வளரசொல்ல, சட்டய அவுத்துப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். அவுத்துப் போட்ட சட்டைக்குக்கூட ஜெபம் பண்ணிப் பொதைக்கறது உங்க வேதத்துல வழக்கமா?"