வெள்ளி பூசிய தட்டு

பித்தளைத் தட்டுகளுக்கு நிக்கல் ஏற்றுவதா, வெள்ளி ஏற்றுவதா என்று முடிவு செய்ய முடியாமல் அர்த்தநாரி பட்டறையில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை அவர் மகள் குஞ்சம்மாளைப் பெண் பார்க்க ஜேடர்பாளையத்திலிருந்து வருகிறார்கள்.

"வசதியான எடமுங்ணா. நம்ம பக்கமும் ஒரு தோரணை வேணுமில்லீங்களா?" என்று தரகர் ராசப்பன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, வீட்டுப் பித்தளைத் தட்டுகளைப் பார்த்தாலே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மேட்டூர்க் கரண்டு சேலத்துக்கு வந்த புதிது. அஸ்தம்பட்டியில் வீட்டை ஒட்டியே அவருடைய முலாம் பட்டறை. ஊரிலுள்ள சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் பஸ் ஹாரனுக்கும் பளபளப்பு வந்தது அவர் கையால்தான். ஊருக்கெல்லாம் மினுக்கிக் கொடுக்கிறவர் வீட்டில் மங்கல் தட்டா?

"புளி போட்டுத் தேச்சா பித்தளையே தங்கமாட்டம் மின்னுமுங்க" என்றாள் மனைவி பொன்னாத்தாள்.

"பித்தளை பித்தளைதான் புள்ள. வெள்ளின்னாத்தான் மருவாதி."

"வெள்ளித் தொட்டிக்குச் சயனைடு கரைக்கோணுமில்ல? திங்கற தட்டை வெசத்துல முக்குவீங்களா? அந்தக் கருமம் இந்த ஊட்டுப் படியேறுச்சுன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

ஆகவே நிக்கல் என்று முடிவாயிற்று. பட்டறைத் தொட்டியில் பச்சைக் கரைசல் தயாராகவே இருந்தது. ஆனால் பழைய கரைசல். தட்டுகள் சாம்பல் பூத்து வெளியே வந்தன.

"மழை மேகமாட்டம் இருக்குதுங்கப்பா" என்றாள் குஞ்சம்மாள்.

அர்த்தநாரி கரண்டைக் கூட்டினார். ஓரமெல்லாம் கருகி, முலாம் வெங்காயத் தோலாக உரிந்தது. உரிந்ததைச் சுத்தமாக எடுத்துவிடலாமென்று திராவகத்தில் போட்டார். நிக்கல் போயிற்று. கூடவே பித்தளையின் மஞ்சளும் போயிற்று. தட்டுகள் வெந்த தோலைப் போலச் சிவந்து கிடந்தன. இனிப் புளி போட்டுத் தேய்க்கவும் வழியில்லை.

அந்தி சாய்வதற்குள் தட்டுகளைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடினார். அங்கே கொலுசுக்கு வெள்ளி முலாம் போடும் மாதையன் அவருடைய கூட்டாளி.

"ஊட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?" என்று மாதையன் கேட்டார்.

"தெரிஞ்சா நான் ஏன் இங்க வாரேன்? வெசம் எங்க ஊட்டுப் படியேறக் கூடாதுன்னுதான் சொன்னா. உன்ற ஊட்டுப் படியப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல."

சயனைடுத் தொட்டியிலிருந்து வெளியே வந்த தட்டுகளைப் பார்த்து அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அசல் வெள்ளி தோற்றுவிடும்.

"நல்லாத்தான் அலசியிருக்குது. ஊட்டுலயும் நாலு தண்ணி அலசிக்க" என்றார் மாதையன். "புளி மட்டும் ஆகாது. துளி சயனைடு உப்பு ஒட்டியிருந்து புளிப்புப் பட்டுதுன்னா, வெச ஆவி கெளம்பி ஆளையே சாச்சுப்போடும். சில பேரு மூக்குக்கு அந்த வாசமே தெரியாது."

காலையில் கிணற்றடியில் அலசு அலசென்று அலசிவிட்டு, அர்த்தநாரி வேட்டி மாற்றப் போனார். திரும்பி வந்தபோது பொன்னாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"நிக்கல் நல்லாத்தான் ஏறியிருக்குதுங்க. நானும் என்ற பங்குக்கு ஒருக்காப் புளி போட்டுத் தேச்சுப்போட்டேன்."

அர்த்தநாரி தட்டுகள் இருந்த இடத்துக்கு ஓடினார். ஒவ்வொரு தட்டாக எடுத்து முகர்ந்தார். ஒரு வாசமும் இல்லை. வாசம் இல்லையா, தன் மூக்குக்குத்தான் தெரியவில்லையா? யோசிப்பதற்குள் வாசலில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது.

மாப்பிள்ளை சென்றாயனும் அவன் அப்பா சின்னுசாமியும் அம்மா ஆத்தாயியும் வந்து உட்கார்ந்தார்கள். ஆத்தாயி நகை நட்டெல்லாம் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குஞ்சம்மாள் தட்டுகளில் அதிரசம் எடுத்து வந்தாள்.

"இரு கண்ணு!" என்று பாய்ந்த அர்த்தநாரி, வாழையிலையைக் கிழித்து எல்லாத் தட்டிலும் அதிரசத்துக்கு அடியில் செருகினார். பாடுபட்டு ஏற்றிய வெள்ளி இலைக்கடியில் மறைந்தது.

"வெள்ளித் தட்டுல எலைங்களா?" என்றார் சின்னுசாமி.

"எங்க ஊட்டு வழக்கமுங்க."

பொன்னாத்தாள் கணவனை முறைத்தாள். சென்றாயன் ஒரு வாய் தின்றுவிட்டு, "அதிரசம் நல்லா இருக்குதுங்க" என்றான். அதுவரை தலை கவிழ்ந்திருந்த குஞ்சம்மாள் நிமிர்ந்து சிரித்தாள். அதைப் பார்க்க வேண்டிய அப்பா பார்க்கவில்லை. ஆத்தாயியின் தட்டில் இலை நழுவி, வெள்ளியில் உரசிய அதிரசத்தை அவள் வாயில் போட்டதைத்தான் அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் கண் அவள் கழுத்தை விட்டு நகரவில்லை. விழுங்கினாளா? இறங்கிற்றா? தொண்டை எரிகிறதா? ஆத்தாயி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள். அவரும் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்தது. சட்டென்று முந்தானையை இழுத்துக் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

போச்சு, தொண்டை எரிகிறது! "தண்ணி கொண்டா புள்ள!" என்று கத்திக்கொண்டே அர்த்தநாரி அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார்.

ஆத்தாயி எழுந்துவிட்டாள். "நேரமாச்சுங்க. சொல்லி அனுப்பறமுங்க" என்று சின்னுசாமியும் எழுந்தார். சென்றாயன் வாசற்படியில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஆத்தாயி தள்ளாடாமல் வண்டியேறுவதைப் பார்த்து அர்த்தநாரி நிம்மதியாக மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான், இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் கண்ணில் பட்டாள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று முதல் அவர் அந்த வெள்ளித் தட்டில்தான் சாப்பிட்டார். தலைவலிகூட வரவில்லை. ஒவ்வொரு நாளும் உடம்பு நன்றாக இருக்க இருக்க, மனசு கெட்டுக்கொண்டே போயிற்று.

குஞ்சம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "ஜேடர்பாளையத்துல இருந்து ஆராச்சும் வந்தாங்களாப்பா?"

தை கழிந்து ராசப்பன்தான் வந்தார். "அந்தப் பையனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் கண்ணாலம் முடிஞ்சுதுங்ணா."

அர்த்தநாரி மெதுவாகக் கேட்டார். "என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டாங்களா, ராசப்பா?"

"அட நீங்க வேற! பொண்ணு அவிங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துதுங்ணா; வெள்ளித் தட்டுல திங்கற முலாம்காரரு, அந்தம்மா எரவல் வாங்கிப் போட்டுட்டு வந்த கில்ட்டுச் சங்கிலியக் கண்டுபுடிச்சுட்டாருன்னு வெக்கப்பட்டு ஓடீட்டாங்க!"